மழையும் குழம்பும் புகாத ஒரு பை

அன்புள்ள அம்மிணி,

போன வாரம் போனில் பேசி முடிக்கிற நேரத்தில், கடைக்குப் போனால் ஒரு சோப்பு வாங்கி வாருங்கள் என்பதுபோலச் சாதாரணமாக ஒன்று சொன்னாய். "அப்பா, கேமராவும் டிபன் பாக்ஸும் சேத்துக் கொண்டுபோற மாதிரி ஒரு பேக் வேணுங்க. நெட்ல பாத்துப் பாத்துத் தலை சுத்துது. கோயமுத்தூர் போனா நீங்களே பாத்து வாங்கி அனுப்புங்க. ஆயுசு பூரா அடுத்தவங்க பேக்கையே பாத்துட்டு இருந்தவருதான நீங்க?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். பக்கத்தில் நின்ற உன் அம்மா உனக்கும் மேலாகச் சிரித்தாள். சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, தாம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி, தினமும் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரைக்கும் போய்வருகிற பெண், தன் முதுகில் மாட்டுகிற பையை அப்பா பார்த்து வாங்கினால் போதும் என்கிறாள். அது எனக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றியது.

பை வாங்கியாகிவிட்டது. நம் திருச்சபையிலிருந்து சென்னைக்கு வருகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறோம். அதன் முதுகுப் பக்க அறையில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். ஏன் இந்தப் பை, ஏன் வேறொன்று இல்லை என்று இரண்டு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆரம்பித்ததும், வாய்விட்டுச் சொல்லாமல் விட்ட நன்றியெல்லாம் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் கடிதம் நீளும். பொறுமையாகப் படி. ரயிலில் நின்றுகொண்டு படிக்காதே.

குன்னூருக்கும் அரவேணுவுக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தே எனக்குத் தலை நரைத்தது. முதுகில் பை மாட்டிய ஆள் பஸ்ஸில் இரண்டு ஆளுக்குச் சமம். அவர் திரும்பும்போது பையும் திரும்புவது அவருக்குத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் மூக்குக்குத்தான் தெரியும். "பேக்கக் கழட்டி முன்னாடி போடுங்க" என்று நான் சொன்ன அளவுக்கு உன் பெயரைக்கூடக் கூப்பிட்டிருக்க மாட்டேன். நல்ல பையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். கூட்டத்தில் அதைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றால் உன் கண் அதற்கு மேலே வெளியே பார்க்க வேண்டும், உன் பாதம் அதற்குக் கீழே தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று மறைந்தாலும் அந்தப் பை மலை ஏறப் போகிறவனுக்கு. வேலைக்குப் போகிறவளுக்கு இல்லை.

உன் முதல் கேமரா உனக்கு நினைவிருக்கும். குன்னூரில் தேயிலை புரோக்கர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோத்தகிரியில் கல்யாணப் படம் எடுக்கிறவரிடமிருந்து பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தாய். அதை ஒரு துண்டில் சுற்றி, உன் தோள் பையில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு போனாய். ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பு சாய்ந்து துண்டெல்லாம் ஊறிவிட்டது. நீ சமையலறையில் பஞ்சை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தக் கேமராவுக்குப் புளி கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க" என்றாள். நீ அழப்போகிற முகத்தோடு சிரித்தாய். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இது: சாப்பாட்டுக்கும் கேமராவுக்கும் நடுவே திடமான தடுப்பு இருக்க வேண்டும். ஒரே குகைபோல இருக்கிற பை, எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அதன் பிறகு நீ ஒரு சாம்பல் நிற முதுகுப் பை வாங்கினாய். காலேஜ் பிள்ளைகள் மாட்டுகிற சாதாரணப் பை, ஆனால் துணி கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. உன் அம்மா பழைய சோபா குஷனைப் பிரித்து, ஸ்பாஞ்சை வெட்டி, துணி போட்டுத் தைத்து, கேமரா உட்கார ஒரு பெட்டி செய்து கொடுத்தாள். வேண்டுமானால் பைக்குள் வைக்கலாம், வேண்டாமென்றால் அப்படியே வெளியே எடுத்துவிடலாம். அந்தப் பையோடுதான் நீ வருஷக்கணக்கில் என் பஸ்ஸில் வந்தாய். ஏறினதும் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாய். சொல்லாமலே அதைச் செய்கிற ஒரே பயணி நீதான் என்று எனக்குள் ஒரு கர்வம்.

நீ எடுத்த படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக்கு வருகிறவர்கள் எடுக்கிற பூவையும் ஏரியையும் நீ எடுத்ததே இல்லை. மழைக்கு ஒதுங்கி நிற்கும் காரட் மூட்டைக்காரர், தலையில் கட்டிய துணியோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இலை பறிக்கிற பெண்கள், படுகர் வீட்டுக் கல்யாணத்துக்கு வெள்ளை உடுத்திப் போகிற பெரியவர்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பாய். அடுத்த வாரம் பிரிண்ட் போட்டு, "அப்பா, இதை அந்தக்கா ஏறுனா குடுத்துருங்க" என்று என்னிடம் தருவாய். படத்தைக் கையில் வாங்கும்போது அவர்கள் முகம் மலர்வதை நான்தான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. ஒருநாள் என்னையும் எடுத்தாய். மூடுபனியில் நான் பின்படியில் தொங்கிக்கொண்டு, விசில் வாயில் இருக்க, வளைவில் எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்கிற படம். தினமும் பிடரி வலியும் திட்டும் வசவுமாகப் போகிற வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தப் படத்தில் இருக்கிற ஆள் ஏதோ முக்கியமான காரியம் செய்கிறவன்போல இருந்தான். அதற்குப் பிறகு வேலைக்குப் போகச் சட்டை போடும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் போட்டேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

இனி அந்த மழை நாளைப் பற்றி எழுத வேண்டும். நாம் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. நீ பேச்சை மாற்றிவிடுவாய். இப்போது நீ எதிரில் இல்லை, அதனால் மாற்ற முடியாது.

அன்று காலையிலிருந்தே மழை விடவில்லை. ஆபீஸில் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள் என்று மதியத்துக்கு மேல் நீ என் பஸ்ஸில் ஏறினாய். எஸ்டேட் பெண்கள் கொஞ்சம் பேர், ஸ்கூல் பிள்ளைகள், முன் சீட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகிற சரசு, அவள் மடியில் துணியில் சுற்றிய கைக்குழந்தை, பக்கத்தில் அவள் தாய் பார்வதியம்மா. சிறுவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து, அன்றிலிருந்து தேயிலை பறிக்கிறவர் அவர். பாதி வழியில் ஒரு வளைவு தாண்டினதும் டிரைவர் மணியண்ணன் பிரேக் போட்டார். எதிரே ரோடு இல்லை. மரத்தோடு சேர்ந்து மண் இறங்கிக் கிடந்தது. பின்னால் எடுத்துத் திரும்பலாம் என்று நான் இறங்கி விசில் ஊதும்போதே, நாம் தாண்டி வந்த வளைவிலும் மண் சரிகிற சத்தம் கேட்டது. மேலிருந்து சின்னச் சின்னக் கல் பஸ் கூரைமேல் விழ ஆரம்பித்தது.

மணியண்ணன் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "வண்டி இங்க நிக்கக் கூடாதுப்பா. ஆளுங்கள எறக்கிரு."

கீழே தேயிலைக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை. அது எஸ்டேட் பேக்டரிக்குப் போகும். எல்லோரையும் இறக்கி அந்த வழியில் கூட்டிப்போவது என்று முடிவு செய்தோம். ஸ்கூல் பிள்ளைகளைப் பெரியவர்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள். சரசுவால் நிமிர்ந்து நடக்கவே முடியவில்லை. குழந்தையைப் பார்வதியம்மா வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவர்களிடம் இருந்தது ஒரு துணிப் பை. அதில் குழந்தையின் மாற்றுத் துணி, துண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னக் கம்பளி. அது பஸ் வாசலுக்கு வருவதற்குள்ளேயே நனைய ஆரம்பித்துவிட்டது.

நீ அப்போது என்ன செய்தாய் என்று நான் படியில் நின்று பார்த்தேன். உன் பையைத் திறந்தாய். கேமரா இருந்த ஸ்பாஞ்சுப் பெட்டியை வெளியே எடுத்தாய். ஒரு நொடி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். பிறகு பார்வதியம்மாவின் பையை வாங்கி, உள்ளே இருந்த துணிகளை எல்லாம் உன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாய். "அம்மா, துணியெல்லாம் இதுக்குள்ள காஞ்சு இருக்கும். நீங்க கொழந்தைய மட்டும் பாத்துக்குங்க" என்றாய். கேமராப் பெட்டியை உன் மழைக்கோட்டுக்குள் திணித்து, பையை முதுகில் மாட்டி, சரசுவின் இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்து இறங்கினாய். நான் பின்னால் வந்தவர்களுக்குக் கை கொடுத்து இறக்கினேன்.

அந்தப் பாதையில் மழைத்தண்ணீர் ஓடையாக ஓடியது. தேயிலைச் செடியின் கிளை உன் மழைக்கோட்டைக் கிழித்தது. சரசு வழுக்கும்போதெல்லாம் நீ செடியைப் பிடித்து நின்று அவளைத் தாங்கினாய். பேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நம்மில் ஒருவர்கூடக் காய்ந்திருக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் வேறெதுவும் கேட்காமல், இலையைக் காய வைக்கும் டிரையர் பக்கம் எல்லோரையும் கூட்டிப்போனார்கள். அந்த அனல் முகத்தில் பட்டபோது பிள்ளைகளில் ஒருத்தி சத்தம் போட்டு அழுதாள்.

ஆனால் கைக்குழந்தை அழவில்லை. பார்வதியம்மா துணியை விலக்கிப் பார்த்தார். குழந்தையின் உதடு நிறம் மாறியிருந்தது. "ஐயோ தம்பி, புள்ள சத்தமே போடலியே... கையெல்லாம் சில்லுன்னு இருக்கே" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நீ பையைத் திறந்தாய். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்தக் கட்டடத்தில் நம்மோடு வந்த துணியில் காய்ந்திருந்தது அது மட்டும்தான். நனைந்ததை உருவி எறிந்து, துண்டால் துடைத்து, குழந்தையைச் சரசுவின் வெறும் நெஞ்சோடு வைத்து, மேலே கம்பளியைப் போர்த்தி, பெண்கள் எல்லாம் சுற்றி நின்று மறைத்துக்கொண்டீர்கள். நானும் மணியண்ணனும் மற்ற ஆண்களும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஜெபம் பண்ணினேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று தெரியாது. பிறகு அந்த மெஷின் சத்தத்துக்கு மேலே, பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல். அப்புறம் நன்றாக, கோபமாக, வீறிட்டு ஒரு அழுகை. மணியண்ணன் சுவரிலேயே நெற்றியை வைத்துக்கொண்டார். திரும்பியபோது பார்வதியம்மா உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்ப புள்ள, நல்லா இருப்ப" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீ தேம்பிக்கொண்டிருந்தாய்.

உன் கேமரா நினைவுக்கு வந்தது நம் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஸ்பாஞ்சு இடியைத் தாங்கும், மழையை அப்படியே குடித்துவிடும் என்று அன்றைக்குத்தான் நமக்குப் புரிந்தது. பெட்டியைப் பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. கேமரா அதற்குள் குளித்துக்கொண்டே வந்திருக்கிறது. அரிசிக்குள் வைத்தாய், ஹீட்டர் பக்கத்தில் வைத்தாய், கோயமுத்தூரில் காட்டினாய். அது மறுபடி கண் திறக்கவில்லை. உன் அம்மாதான் அழுதாள், தான் தைத்த பெட்டியால் கெட்டது என்று. "அம்மா, அந்தப் பெட்டி தனியா வெளிய வந்ததாலதான் பைக்குள்ள எடம் கெடச்சுது" என்று நீ அவளைக் கட்டிக்கொண்டாய். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் உனக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறாள், என்னிடம்.

அந்தக் கிறிஸ்மஸுக்குச் சரசுவும் பார்வதியம்மாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தை கன்னம் உப்பி, தலையை ஆட்டிக்கொண்டு, சரசுவின் தோளில். எமரால்டு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் கொடுத்தது என்று பீன்ஸும் பீட்ரூட்டும் கொண்டுவந்தார்கள். கேக் சாப்பிட்ட பிறகு பார்வதியம்மா, "நீ படமெல்லாம் நல்லாப் புடிப்பியாமே. எங்க புள்ளையவும் ஒண்ணு புடிச்சுத் தாயேன்" என்றார். நீ போனை எடுத்தாய். "பெரிய கேமரா இல்லியா புள்ள?" என்று அவர் கேட்டபோது, நான் வாயைத் திறந்தேன். நீ என்னைப் பார்த்தாய். ஒரு பார்வைதான். "போன்லயே நல்லா வரும்மா, வெளிச்சத்துக்கு வாங்க" என்று சொல்லி அவர்களை வாசலுக்குக் கூட்டிப்போனாய். கேமரா எதனால் போனது என்று அவர்களுக்கு இன்றுவரைக்கும் தெரியாது. எத்தனையோ பேர் செய்ததைச் சொல்லிக்காட்டுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். செய்ததை மறைப்பதற்கு அவ்வளவு அவசரப்படுகிற ஒரு ஆளை என் வீட்டிலேயே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அம்மிணி, உன்னைப் பெற்றதற்காக நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லாத நாளில்லை. அந்த நாளில் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சொன்னேன்.

இப்போது உன் பைக்கு வருகிறேன். நீயே சம்பாதித்து வாங்கிய புதுக் கேமரா, அதனால் கவனமாகத்தான் பார்த்தோம். உன் அம்மா உன் பழைய டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். கடைக்காரர் எடுத்து வைத்த ஒவ்வொரு பையிலும் அவற்றை வைத்துப் பார்த்தாள். நான் மாட்டிக்கொண்டு நின்றேன். அவள் பின்னால் வந்து என்னை இடித்து, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்குதுல்ல" என்று என் குரலிலேயே கத்தினாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு பெரிய கறுப்புப் பைமேல் ஆசை. எத்தனையோ அறை, எத்தனையோ பட்டை, ராணுவத்துக்குப் போகிற மாதிரி கம்பீரம். "வேண்டாங்க," என்றாள். "பெருசு வாங்கிக் குடுத்தா அவ அத்தனையும் ரொப்பித் தூக்கிட்டுப் போவா. அப்பறம் தோள் வலிக்குதுன்னு கேமராவ ஹாஸ்டல்லயே வெச்சுட்டுப் போவா. எடுத்துட்டுப் போகாத கேமரா எதுக்கு?" கடைக்காரரும் அவள் பக்கம்தான்.

அதனால் இது. மேல் பாதி உனக்கு, கீழ்ப் பாதி கேமராவுக்கு, நடுவே குழம்பு தாண்ட முடியாத தடுப்பு. கேமராப் பெட்டி தனியாக வெளியே வரும். அதை நான் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சு தண்ணீர் குடிக்காத ரகம், கடையிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், கடைக்காரர் அனுமதி கொடுத்துத்தான். பக்கவாட்டில் ஒரு வாய் இருக்கிறது. ஒரு தோளை மட்டும் கழற்றிப் பையை முன்னால் சுழற்றினால் கேமரா கைக்கு வரும், பையைத் தரையில் வைக்க வேண்டியதில்லை. பெரிய ஜிப் உன் முதுகோடு ஒட்டியிருக்கும், கூட்டத்தில் யாரும் திறக்க முடியாது. மேலே எந்தக் கம்பெனிப் பெயரும் பெரிதாக இல்லை. பார்த்தால் ஆபீஸுக்குப் போகிற பெண்ணின் பை, அவ்வளவுதான். உள்ளே கேமரா இருப்பதை நீ சொன்னால்தான் தெரியும். மழை உறை அடியில் மடித்து வைத்திருக்கிறது. மழை வந்த பிறகு தேடாதே, மேகம் கறுத்ததும் மாட்டு. ரூமுக்குப் போனதும் கேமராவை வெளியே எடுத்து வை. நம் ஊர்ப் பனியில் பழைய லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாய்ப் படர்ந்தது மூடியே வைத்ததால்தான். சென்னைக் கடல் காற்றும் லேசுப்பட்டதில்லை என்கிறார்கள். பை கொண்டுபோவதற்கு, குடியிருப்பதற்கு இல்லை.

உன் அம்மா ஒன்று எழுதச் சொல்கிறாள். இங்கே யார் பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்காருவார்கள், யார் உனக்கு இடம் பிடித்து வைப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அங்கே தெரியவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்துகிறது. கடலையும் கட்டடத்தையும் பிறகு எடுத்துக்கொள்ளலாம். பெண்கள் பெட்டியில் தினமும் உன்னோடு நிற்கிறவர்கள் இருப்பார்களே, பூ கட்டிக்கொண்டே வருகிறவர், படிக்கிறவர், தூங்கி உன் தோளில் சாய்கிறவர். அவர்களிடம் கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. பெயரும் கேட்டு எழுது. ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லும்போது அவர்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா